காவலுக்கு வைத்த டப்பா

டங்!

முன்பொரு காலம், மயிலாடுதுறையில் ஒரு வீட்டில், ஓர் ஐப்பசி மாதத்தில் கேட்ட சத்தம் அது. சதுரமான ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடி திறக்கும்போது எழுந்த சத்தம்.

மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் தையல்நாயகி முறுக்கு சுட்டாள். ஈரக்காற்று படுவதற்குள் டப்பாவில் அடுக்கி, மூடியை உள்ளங்கையால் குத்தி அழுத்தி, அலமாரியின் தலையில் ஏற்றினாள்.

“தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கு. யார் தொட்டாலும் கத்து,” என்றாள் டப்பாவிடம்.

அவளுக்குக் கவலை இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் நாத்தனார் வருவாள். செருப்பை விட்டதும் முதலில் டப்பாவைத்தான் திறப்பாள். போன வருஷம் அடியில் நாலைந்துதான் கிடந்தன. “என் தம்பி வீட்டுல முறுக்கைக் கண்ணுல காட்டினா போதும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

பக்கத்தில் ஒரு பழைய டப்பா கோலமாவைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. “போன வருஷம் உன் வேலை எனக்குத்தான். என் மூடி சத்தமில்லாம திறந்துக்கும். அதான் இந்தக் கதி. நீயும் கோட்டை விட்டா உனக்கும் கோலமாவுதான்,” என்றது.

“நான் கத்துவேன்,” என்றது பிஸ்கட் டப்பா.

கத்தவும் செய்தது. மறுநாளே மகள் அபயா முக்காலி போட்டு ஏறினாள். டங்!

“யாரது?” அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“எலிம்மா!”

“எலி ரெட்டை ஜடை போட்டிருக்கா?”

அபயா வெறுங்கையோடு இறங்கினாள். டப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலை அவளுடைய அப்பா மாசிலாமணி ஆபீஸிலிருந்து வந்தார். நனைந்த குடையை விரித்துக் காயவைத்துவிட்டு அலமாரியடியில் நின்றார். கை மூடியில், கண் ஜன்னலில். மின்னல் வெட்டியது. இடி இடித்த அதே நொடியில் மூடியைத் திறந்தார். டப்பா உயிரைக் கொடுத்துக் கத்தியது. ஒருவர் காதிலும் விழவில்லை.

“திருட்டுக்குத் துணை போறியே, வெட்கமா இல்லை?” என்று டப்பா இடியைக் கேட்டது.

“நான் பாட்டுக்கு வயல் பக்கம் போயிட்டிருக்கேன். உங்க வீட்டு மனுஷன் ஆசையா அண்ணாந்து பார்க்கிறார். தொண்டையைக் கொஞ்சம் செருமினேன், அவ்வளவுதான்,” என்றது இடி.

மூன்றாம் நாள் அபயாவும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தாள். ஒரு மாலை இருவரும் ஒரே இடிக்கு வந்து, அலமாரியடியில் முட்டிக்கொண்டார்கள்.

“நீங்க எதுக்குப்பா இங்க?”

“குடை காஞ்சுதான்னு பார்க்க வந்தேன். நீ?”

“நானும் குடையைத்தான்.”

ஆளுக்கொன்றாக எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கடிப்பதற்கு அடுத்த இடி வரட்டும் என்று நின்றார்கள்.

எட்டாம் நாள் முறுக்கு பாதியாகிவிட்டது. கோலமாவு டப்பா சற்றே நகர்ந்து இடம் விட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை ஊற்றியது. அப்பாவும் மகளும் கூடத்தில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி கையில் ஒரு தூக்குவாளியோடு பூனைபோல் வந்து அலமாரியடியில் நின்றாள்.

‘தொலைந்தேன்’ என்று நினைத்தது டப்பா.

அவளோ ஜன்னலைப் பார்த்தாள். அவளும் இடிக்குத்தான் காத்திருந்தாள்.

இடி இடித்தது; மூடி திறந்தது. தூக்கில் இருந்தவை புது முறுக்குகள். முந்தின நாள் வீடு காலியாக இருந்தபோது சுட்டு ஒளித்து வைத்தவை. ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினாள்.

“உனக்கு எல்லாம் தெரியுமா? பின்னே என்னை ஏன் கத்தச் சொன்னே?” டப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீ கத்துறதாலதானே அவங்க இடியைத் தேடுறாங்க?” என்று கிசுகிசுத்தாள். “தட்டுல வெச்சுக் கொடுத்தா பாதியைத் தின்னுட்டு எழுந்து போயிடுவாங்க. இப்போ அந்த ரெண்டு முகத்தையும் பாரு. எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக் கொடுத்துடாதே.”

தீபாவளியன்று நாத்தனார் செருப்பை விட்டதும் டப்பாவைத் திறந்தாள். டங்! கழுத்துவரை முறுக்கு.

“பரவாயில்லையே!” என்றாள்.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். தையல்நாயகி காபி கலக்கப் போய்விட்டாள்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு புரட்டாசியில் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த டப்பாவைத் திறக்க மாசிலாமணி இடிக்குக் காத்திருந்ததில்லை.