தராசுத் தட்டில் இளவரசி

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே வெண்கோட்டு நாடு என்று ஒன்று இருந்தது. அதை ஆண்ட சிங்கவேந்தனுக்கு ஒரே மகள், முத்துநகை. ராஜா பிறந்தநாள்தோறும் கோயிலில் துலாபாரம் கொடுப்பார். ஒரு தட்டில் அவர், மறு தட்டில் வெல்லம். மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் தட்டில் உட்காருவார்.

அப்படியிருக்க, கருங்குடுமி என்ற மந்திரவாதி ஒருநாள் சபைக்கு வந்து வெறுங்கையில் புறாவை வரவழைத்தான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். முத்துநகை மட்டும், புறா அவர் அங்கிக்குள்ளேயே இருந்ததே என்று சொல்லிவிட்டாள். சபை சிரித்தது. மந்திரவாதிக்கு முகம் கறுத்தது.

"எல்லாம் உன் கண்ணில் படுகிறதோ? இனி நீ யார் கண்ணிலும் படமாட்டாய், யார் கையிலும் அகப்படமாட்டாய், யார் காதிலும் விழமாட்டாய்" என்றான்.

குழந்தை நின்ற இடம் காலியாகிவிட்டது. ராஜா அவன் காலில் விழுந்து கதறினார். கொஞ்சம் இறங்கி வந்தவன், அவள் இருக்கும் இடத்துக்கு விரல் நீட்டிப் பெயர் சொல்லி அழைத்தால் மீள்வாள், அதுவும் ஒரே தடவைதான், தப்பினால் என்றைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

தேடினார்கள். மஞ்சள் தூளைத் தூவினார்கள். அது அவளுக்குள் புகுந்து தரையில் விழுந்தது. வலை வீசினார்கள், தூண்தான் சிக்கியது. வாசல்தோறும் நூல் கட்டி மணி தொங்கவிட்டார்கள், பூனைதான் மணியடித்தது. இருக்கிறாள், ஆனால் அகப்படவில்லை.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. மடியில் மகள் இல்லாமல் தட்டில் உட்கார்ந்தார். ஆனால் வெல்லம் குறையவில்லை. கவலையில் உடம்பு ஊதிவிட்டது என்று வைத்தியர் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார். அடுத்த வருடம் ராஜாவுக்கு விலா எலும்பு தெரிந்தது, வெல்லமோ அந்த அளவுக்கு இளைக்கவில்லை. வைத்தியர் கஞ்சியையும் பாதியாக்கினார். அதற்கடுத்த வருடம் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது, வெல்லம் மட்டும் அவ்வளவாக இறங்கவில்லை.

தராசில்தான் கோளாறு என்றார்கள். மந்திரியை ஏற்றிப் பார்த்தார்கள். மந்திரி மந்திரியின் எடைதான் இருந்தார்.

பசி மயக்கத்தில் தட்டிலேயே உட்கார்ந்து ராஜா யோசித்தார். தராசு சரி. தானோ துரும்பாக இளைத்துவிட்டோம். அப்படியானால் மிச்ச எடை யாருடையது?

"வடிவு" என்று ராணியைக் கூப்பிட்டார். "கண், கை, காது என்று சொன்னானே. எடையைச் சொன்னானா?"

"சொல்லவில்லையே" என்றாள் ராணி. அவளுக்கும் புரிந்துவிட்டது.

கையில் அகப்படாதவளைத் தட்டு மட்டும் எப்படித் தாங்கியது என்று என்னைக் கேட்காதீர்கள். அதை மந்திரவாதியிடம் கேளுங்கள்.

ராஜா இறங்கினார். வெல்லத்தையும் இறக்கச் சொன்னார். வெறும் தட்டில் ஏறி உட்காரும்படி கண்ணுக்குத் தெரியாத மகளைக் கெஞ்சினார். தட்டு அசைந்தது. விரலை நீட்டப் போனவரின் கையை ராணி பிடித்துக்கொண்டாள். "பொறுங்கள். அது காற்றாக இருந்தால் பிள்ளையை இழந்துவிடுவோம்."

கதவுகளைச் சாத்தினார்கள். மேளத்தை நிறுத்தினார்கள். தரை அதிரக்கூடாது என்று கோயில் யானையை ஆற்றங்கரைக்கு ஓட்டினார்கள். கூடியிருந்த ஜனம் மூச்சை அடக்கிக்கொண்டது. தட்டு மெல்லக் கீழே இறங்கி அப்படியே நின்றது. இறங்கச் சொன்னார் ராஜா. தட்டு மேலே போனது. மறுபடி ஏறச் சொன்னார், கீழே வந்தது.

"முத்துநகை, வாம்மா" என்று தட்டைக் காட்டி அழைத்தார்.

காலில் கொலுசு இறுக, பாவாடை முழங்காலுக்கு ஏற, மூன்று வயது கூடிய முத்துநகை தட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றாள்.

ராஜா அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அன்றைக்கு வெல்லம் முழுவதையும் சர்க்கரைப் பொங்கலாக்கி ஊருக்கே பந்தி போட்டார்கள். மாயம் உடைந்ததும் அது ஏவியவன் மேலேயே திரும்பியது. கருங்குடுமி யார் கண்ணிலும் படவில்லை. அவனை யாரும் தேடவுமில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கு அப்பாவும் மகளும் சேர்ந்தே தட்டில் உட்கார்ந்தார்கள். ஊர் வெல்லமெல்லாம் போதவில்லை. வைத்தியர் வாயைத் திறக்கவில்லை.