கொசுறாகக் கேட்ட வார்த்தை

தாமரைக் குளத்தங்கரையில் வேலாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். கிழங்கு வியாபாரம். எந்த மண்ணுக்கடியில் எந்தக் கிழங்கு கிடக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். தோண்டி எடுத்துக் கரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் கரடியே வந்தாலும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டால் போதும், அவள் முதுகு முள் மொத்தமும் சடசடவென்று எழுந்து நிற்கும். பேரம் அதோடு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவளும் ஒருமுறை ஏமாந்திருக்கிறாள். ஒரு கூடைக் கிழங்கை வாங்கிக்கொண்ட கரடி, மரப்பட்டையில் எதையோ கீறிக் கொடுத்து, "கோடையில வா, தேன் தர்றேன்னு எழுதியிருக்கேன்" என்றது. கோடையில் போய் நீட்டினாள். "நல்லாப் படிச்சுப் பாரு. தேன் இல்லைன்னுதான் எழுதியிருக்கு" என்றது கரடி. வேலாயிக்கு எழுத்து தெரியாது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், தன் மகளைப் படிக்க வைத்தே தீருவது என்று.

மகள் பெயர் தும்பை. முதுகில் முள் இப்போதுதான் விறைக்கத் தொடங்கியிருந்தது. வாய் மட்டும் பிறந்த அன்றே விறைத்துவிட்டது.

"அம்மா, மழை ஏன் மேலேயிருந்து கீழே வருது? ஆமை ஏன் வீட்டை முதுகுல தூக்கிட்டுத் திரியுது? அப்பா ஏன் தூங்கும்போது உறுமுறாரு?"

"ஏன் ஏன்னு உயிரை எடுக்காதே. வாயை மூடிட்டுக் கிழங்கைக் கழுவு" என்பாள் வேலாயி.

அந்த ஆண்டு மழை முடிந்ததும், ஏழு கடல் தாண்டிப் போய்வந்த நாரை ஒன்று குளத்தங்கரையில் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் நேரில் கூட்டிவர வேண்டும். நாரை டீச்சர் பிள்ளையிடம் பேசிப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்.

பக்கத்துப் புதர் முயல் பஞ்சம்மா ஓடி வந்தாள். அவள் பிள்ளைகள் ஏழு பேருக்கும் முதல் நாளே இடம் கிடைத்திருந்தது.

"வேலாயி அக்கா, உன் பொண்ணுக்கு இங்கிலீஷ் வருமா?"

"அது எதுக்கு?"

"டீச்சர் வெளிநாடெல்லாம் சுத்தினவங்க. இங்கிலீஷ்லதான் கேப்பாங்களாம். எல்லாரும் சொல்றாங்க."

"உன் பிள்ளைங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"யாருக்குத் தெரியும்? ஏழும் ஒரே நேரத்துல கத்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலை."

வேலாயிக்கு முள் கூசியது. இந்தக் காட்டில் இங்கிலீஷுக்கு எங்கே போவது?

"அதுக்கு ஒரு ஆள் இருக்கு அக்கா," என்றாள் பஞ்சம்மா. "மாந்தோப்பு வீட்டுல டைகர்னு ஒருத்தர். அந்த வீட்டுக்காரர் பொண்டாட்டிகிட்டப் பேசுறது தமிழ், பிள்ளைகிட்டப் பேசுறது தமிழ், மாட்டுகிட்டப் பேசுறதும் தமிழ். அவர்கிட்ட மட்டும் இங்கிலீஷ். அப்படின்னா பார்த்துக்கோ, அந்த வீட்டுலயே படிச்சவர் அவர்தான்."

வேலாயிக்கு அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. மறுநாள் மத்தியானம் மாந்தோப்பு வேலி ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு நாய் தட்டில் இருந்த தயிர்சாதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டைகர்ங்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"பார்த்தா நாய் மாதிரி இருக்கே?"

"நாய்தான். பேருதான் டைகர். டைகர்னா புலி."

"இது புலிக்குத் தெரியுமா?"

"இதுவரைக்கும் யாரும் சொல்லலை. நீயும் சொல்லிடாதேம்மா."

வேலாயி மேற்கொண்டு கேட்பதற்குள் வீட்டிலிருந்து ஒரு சிறுமி வெளியே வந்தாள். வேலாயி தொட்டிக்குப் பின்னால் பதுங்கினாள்.

"டைகர், கம்!" நாய் ஓடியது. "சிட்!" உட்கார்ந்தது. "ஷேக் ஹேண்ட்!" கையைக் கொடுத்தது. "குட் பாய்" என்று தலையைத் தடவிய சிறுமி, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "அம்மா, நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. எனக்கு வயித்தை வலிக்குது."

வேலாயி வாயைப் பிளந்துவிட்டாள். பரீட்சை என்றதும் அந்தப் பெண்ணுக்கு வயிறு வலிக்கிறது. இந்த நாயோ கேட்ட மூன்று கேள்விக்கும் டக்கு டக்கென்று பதில் சொல்லிவிட்டதே!

சிறுமி போனதும் கிட்டே வந்தாள். "வாத்தியாரே, என் பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரணும். என்ன கேக்குறீங்க?"

டைகர் தயிர்சாதத் தட்டைக் காலால் தள்ளியது. "இங்கே எல்லாரும் சைவம். நான் எலும்பைக் கண்ணால பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தைக்கு ஒரு எலும்பு."

முள்ளம்பன்றிகளுக்குப் பல் தீட்ட எலும்பு வேண்டும். வேலாயியின் வளைக்குள் ஒரு குவியலே கிடந்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவாளா?

"ஒரு எலும்புக்கு மூணு வார்த்தை."

"ஏம்மா, இது இங்கிலீஷ். கிழங்கு இல்லை."

"கிழங்குன்னா தோண்டி எடுக்கணும். உங்களுக்கு என்ன, வாயில இருக்கு, எடுத்துக் கொடுக்கப் போறீங்க. முடியாதுன்னா சொல்லுங்க, நான் வேற நாயைப் பார்த்துக்கிறேன்." சொல்லிவிட்டு வேலியைப் பார்த்து நடந்தாள். நாலு அடி. ஐந்து அடி. ஆறாவது அடியில் டைகர் கூப்பிட்டது.

"எங்கிட்ட மொத்தம் ஏழு வார்த்தை இருக்கு. நாலு எலும்பு கொடு."

"மூணு. மேலே ஒரு வார்த்தை கொசுறு."

"கொசுறா?"

"கிழங்கு வாங்குறவங்களுக்கு நான் ஒரு கொத்து கீரை சும்மா தர்றதில்லையா? அது மாதிரி."

டைகருக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டது.

மறுநாளே பாடம் தொடங்கியது. சிட் என்றால் உட்கார வேண்டும். ஸ்டாண்ட் என்றால் நிற்க வேண்டும். கம் என்றால் வர வேண்டும். கோ என்றால் போக வேண்டும். ஸ்டே என்றால் அசையக் கூடாது. ஷேக் ஹேண்ட் என்றால் கை கொடுக்க வேண்டும். நோ என்றால், செய்துகொண்டிருப்பது எதுவானாலும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் டைகர் தும்மியதில் பயந்து தும்பை முள்ளைத் தூக்கினாள். "நோ!" என்றது டைகர். முள் இறங்கியது. அப்புறம் எந்தச் சத்தத்துக்கும் அவள் முள்ளைத் தூக்கவில்லை.

ஏழு வார்த்தையும் முடிந்த அன்று டைகர் கேட்டது, "கொசுறா என்ன வேணும், பாப்பா?"

தும்பை யோசிக்கவே இல்லை. "'ஏன்'ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

டைகர் காதைச் சொறிந்தது. வானத்தைப் பார்த்தது. "அந்த வார்த்தையை எங்க வீட்டுல யாரும் எங்கிட்ட சொன்னதில்லையே."

"நீங்களும் கேட்டதில்லையா?"

"கேக்கிறதுக்கு அந்த வார்த்தை தெரிஞ்சிருக்கணுமே."

வேலிக்கு வெளியே நின்றிருந்த வேலாயி குறுக்கே புகுந்தாள். "கடையில இல்லாத சரக்கைக் கேட்டு வாத்தியார் நேரத்தை வீணாக்காதே. அதுக்குப் பதிலா, தலையைத் தடவிச் சொல்வாங்களே அந்த 'குட் பாய்', அதை வாங்கிட்டு வா."

அதோடு கொசுறும் தீர்ந்தது. அதே வேலி ஓரம், தாழம்புதருக்குள் ஒரு நரி படுத்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு எலும்புகூடக் கொடுக்காமல் அதுவும் ஏழு வார்த்தையைப் படித்து முடித்திருந்தது.

வளையில் இப்போது சத்தமே இல்லை. உட்காரச் சொன்னால் தும்பை உட்கார்ந்தாள். தின்னச் சொன்னால் தின்றாள். அவள் அப்பா சடையன் கிழங்கைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னான்.

"வேலாயி, வீடு ஒரு மாதிரி இருக்குல்ல?"

"எப்படி?"

"நாலு நாளா அவ ஒண்ணுமே கேக்கலை. என் குறட்டையைப் பத்திக்கூட."

"படிப்பு உள்ளே போகப் போக வாய் குறையும். உனக்கு என்ன தெரியும்?" என்று வெடுக்கென்று சொன்னாள் வேலாயி. சொன்னாளே தவிர, கிழங்கு கழுவும்போது பக்கத்தில் பேச்சுத்துணை இல்லாமல் அவளுக்கும் கை ஓடவில்லை.

பள்ளியில் சேர்க்கும் நாள் வந்தது. விடிந்ததும் குளத்தங்கரையில் நீண்ட வரிசை. வேலாயி மகளின் முகத்தைக் கழுவித் துடைத்துக் கூட்டி வந்தாள். கடைசி எலும்பை வாங்கிக்கொள்ள டைகரும் வந்து ஓரமாக நின்றது. பார்த்தால், இவர்களுக்கு முன்னால் பஞ்சம்மா நிற்கிறாள்.

"உன் பிள்ளைங்களைத்தான் சேர்த்தாச்சே. இன்னும் எதுக்கு வரிசையில நிக்கிறே?"

"அது முதல் ஈத்து அக்கா. இது அடுத்த ஈத்து" என்றாள் பஞ்சம்மா. அவளுக்குப் பின்னால் புதிதாக ஆறு முயல் குட்டிகள் நின்றன.

"ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு இடம்தான் உனக்கு. நகரு."

"ஆறு பிள்ளை, ஆறு இடம்!"

சண்டை சூடு பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் குளத்தங்கரைத் தாழம்புதர் ஒன்றிலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். டைகர் பேசுவது போலவே இருந்தது.

"தும்பை, கம்."

தும்பை போனாள். புதர் விலகியது. எதிரே நரி. அவள் முதுகு முள் தானாகவே எழும்பியது.

"நோ" என்றது நரி. முள் இறங்கியது.

"சிட்." உட்கார்ந்தாள். "ஸ்டே." கண்ணைக்கூட இமைக்கவில்லை.

நரி நாக்கைச் சுழற்றிக்கொண்டது. "எவ்வளவு நல்லா வளர்த்த பிள்ளை. இந்தக் காட்டுக் குட்டிங்க எல்லாத்துக்கும் அந்த வாத்தியார் பாடம் எடுத்தா நான் ஓடவே வேண்டியதில்லை."

முதலில் பார்த்தது டைகர்தான். குரைத்துக்கொண்டு பாய்ந்தது. அப்படி ஒரு பாய்ச்சலை அந்தக் காடு பார்த்ததில்லை. பெயருக்கு ஏற்ற மாதிரி புலிப் பாய்ச்சல்தான். நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டைகர், சிட்!"

டைகர் பாதி வழியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு வேலாயி திரும்பினாள். மகள் உட்கார்ந்திருக்கிறாள், முள் படுத்துக் கிடக்கிறது. வாத்தியாரும் உட்கார்ந்திருக்கிறார். நரியின் வாய் திறந்திருக்கிறது. ஓடினால் எட்டாத தூரம். கத்தத்தான் முடியும். எதைக் கத்துவது? வா என்றால், அசையாதே என்று நரி சொல்லும். நரி சொல்லைத்தானே பிள்ளை கேட்கிறாள்.

"தும்பை!" என்று அலறினாள். "ஏன்னு கேளுடி! அடியே, என் கண்ணு, ஏன்னு கேளு!"

தும்பை கண்ணை இமைத்தாள். அம்மாவா இப்படிச் சொல்கிறாள்? அவள் நரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஏன் உக்காரணும்?"

நரி விழித்தது. அது படித்த ஏழு வார்த்தையில் இதற்குப் பதில் இல்லை. "அது வந்து... சிட்னா உக்காரணும்."

"அதான், ஏன்? நீங்க ஏன் டைகர் சார் குரல்ல பேசுறீங்க? உங்க வாயில ஏன் எச்சில் ஒழுகுது?"

மூன்றாவது கேள்வியை முடிக்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. முள் அத்தனையும் எழுந்தது. சட்டென்று திரும்பி, முள்ளம்பன்றிகள் தாக்குகிற மாதிரியே, பின்பக்கமாகப் பாய்ந்தாள். நரியின் மூக்கில் ஒன்பது முள். "நோ! நோ! நோ!" என்று ஊளையிட்டுக்கொண்டே ஓடிய நரி, அந்தக் கரைப்பக்கமே அப்புறம் தலைகாட்டவில்லை.

வேலாயி மகளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். முள் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு டைகர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, பிள்ளையை நரி தின்னப் போகுது, நீ உக்காந்து வேடிக்கை பார்க்கிறே?"

டைகர் தலை குனிந்தது. "அது சிட்னு சொல்லிடுச்சேம்மா."

"கொடுத்த எலும்பையெல்லாம் திருப்பிக் கொடு."

"தின்னாச்சே."

வரிசை நகர்ந்து இவர்கள் முறை வந்தது. வேலாயி முந்திக்கொண்டாள். "டீச்சரம்மா, என் பொண்ணுக்கு இங்கிலீஷ்ல ஏழு வார்த்தை தெரியும். ஆனா அதையெல்லாம் மறந்துடச் சொல்லிட்டேன். அதனால இடம் கிடையாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"இங்கிலீஷா?" நாரை டீச்சர் அலகைச் சாய்த்தார். "வரும்போதே தெரிஞ்சிருந்தா அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு? அதை நான் சொல்லித் தர்றேன். இங்கே பிள்ளைகளை நான் கேள்வி கேக்கிறதில்லை. பிள்ளைதான் என்னைக் கேக்கணும். கேளு, பாப்பா."

தும்பை டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ஏன் ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க? இன்னொரு காலை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க? அது ஏன் வெளியே வராது?"

நாரை டீச்சர் சிரித்த சிரிப்பில் மடக்கியிருந்த கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது. "முதல் வரிசையில போய் உக்காரு."

"ஏன் முதல் வரிசை?"

"இப்படிக் கேக்கிற பிள்ளை பின்னாடி உக்காந்தா, எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை போயிடும். அதான்."

டைகர் மெல்ல முன்னால் வந்தது. "டீச்சர், எனக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் வேணும். ஒரு பாப்பாவுக்குக் கொசுறு பாக்கி இருக்கு."

அன்றைக்கு மத்தியானம் அந்த ஒரு வார்த்தையை டைகர் தும்பைக்குக் கொடுத்துவிட்டது. வேலாயி வேண்டாவெறுப்பாக வளைக்குள் போய், இருந்ததிலேயே பெரிய எலும்பாக எடுத்து வந்து அதன் முன்னால் போட்டாள். பேரம் பேசவில்லை.

சாயங்காலம் மாந்தோப்பு வீட்டுச் சிறுமி, "டைகர், சிட்!" என்றாள். நாய் உட்காரவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளையே பார்த்தது. சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் அவளே உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, "எங்கூடத் துணைக்கு உக்காருடா. நாளைக்குப் பரீட்சைப் பேப்பரைத் திருத்தித் தருவாங்க, நினைச்சா பயமா இருக்கு" என்றாள்.

டைகர் உடனே உட்கார்ந்தது.

சொன்னதைச் செய்ய மட்டும் பழகிய பிள்ளை நல்லவர் சொன்னாலும் உட்காரும், நரி சொன்னாலும் உட்காரும். ஏன் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைதான் படித்த பிள்ளை.