பெல்லட் மூட்டைக்குப் பன்னிரண்டு சாட்சிகள்

கொல்லிமலையில் ஒரு சின்ன மடம். குருவின் பெயர் மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தொன்று. மலையில் எல்லோருக்கும் அவர் அம்மையார். சீடருக்கு அறுபத்து நான்கு. பெயர் குழந்தைவேலு, குழந்தை பெயரோடு சரி. குரு சீடரை ‘ஐயா’ என்பார், சீடர் குருவை ‘அம்மா’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார் என்று குழப்பமாக இருக்கும். குழம்பட்டும், நமக்கென்ன.

குழந்தைவேலு யூனியன் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் டைப் அடித்தவர். அடுத்தவர் சொன்னதை அடித்தாரே தவிர, நீ என்னய்யா நினைக்கிறாய் என்று ஒரு அதிகாரியும் அவரைக் கேட்டதில்லை. பிள்ளைகள் இல்லை. மனைவி போன மறு வருஷம் மலையேறி வந்துவிட்டார். அம்மையார் அவரிடம் மடப்பள்ளியைக் கொடுத்தார். முதலில் முருகனுக்கு நைவேத்தியம். அப்புறம் மலையேறி வருகிறவர்களுக்கு மத்தியானச் சோறு.

காட்டில் விறகு எடுக்கக் கூடாது என்று ஆனதும், ஒரு பக்தர் பெல்லட் அடுப்பு வாங்கிக் கொடுத்தார். மரத்தூளை இறுக்கி, சுண்டுவிரல் அளவு குச்சிகளாக்கி மூட்டையில் விற்கிறார்களே, அந்தப் பெல்லட். எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று குழந்தைவேலு போனில் பார்த்தார். வாங்கியவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஐந்து நட்சத்திரம். பத்து மூட்டை வரவழைத்தார்.

ஐப்பசியில் பனிமூட்டம் இறங்கியது. மூட்டைக்குள் இருந்த குச்சியெல்லாம் ஈரம் குடித்து மாவாக உதிர்ந்தது. அடுப்பு எரியவில்லை, புகைந்தது. ஒரு நாள் அரிசி அரைவேக்காட்டில் நின்றுவிட்டது. நாற்பது பேர் சாப்பிடாமல் மலையிறங்கிப் போனார்கள். இலை போட்டு உட்கார வைத்து, எழுந்திருங்கள் என்று சொன்னவர் குழந்தைவேலுதான். அன்று அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அம்மையார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க ஐயா.”

“முகம் தெரியாதவன் எழுதினதை நம்பலாமா, கூடாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“என்ன எழுதியிருக்காங்க? படிங்க.”

குழந்தைவேலு போனை எடுத்தார். “மொத்தம் பன்னெண்டு பேர் எழுதியிருக்காங்க. முதல் ஆள், ‘சூப்பர் பெல்லட்’ங்கிறார்.”

“எந்த அடுப்புல எரிச்சாராம்?”

“அதை எழுதலைங்கம்மா.”

“அடுத்தது.”

“‘நல்ல தரம். பேக்கிங் அருமை.’”

“பேக்கிங்கையா எரிச்சார்?”

குழந்தைவேலு அடுத்ததற்குப் போனார். “‘சொன்ன நேரத்துக்கு வந்தது. டிரைவர் தம்பி தங்கமானவர்.’”

“நல்லா இருக்கட்டும். அடுத்தது.”

“‘வேற லெவல்.’”

“அப்படின்னா?”

“எனக்கும் தெரியலைங்கம்மா.”

ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். எவர் வீட்டில் எத்தனை நாள் எரிந்தது, வெயிலில் எப்படி, மழையில் எப்படி என்று ஒருவர் எழுத்திலும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் நீளமாக இருந்தது. ‘இரண்டு மாதம் எரித்தேன். வெயில் காலத்தில் குறை இல்லை. ஈரக்காற்று பட்டால் உதிர்கிறது, புகைகிறது. டிரம்மில் போட்டு மூடி வையுங்கள். மூன்று நட்சத்திரம்.’

அம்மையாரின் கத்தி நின்றது. “இதை வாங்கறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?”

“படிச்சேங்கம்மா. யாரோ சிடுமூஞ்சி போலிருக்குன்னு தள்ளிட்டேன்.”

“ம். அடுத்தது?”

“அவ்வளவுதாங்கம்மா.”

“பன்னெண்டு பேர்னு சொன்னீங்க. பதினொண்ணுதான் படிச்சீங்க.”

குழந்தைவேலு போனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நறுக்கிக் கிடந்த அவரைக்காயைப் பார்த்தார். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் படித்தார்.

“‘எங்கள் மடத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறோம். புகையே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஐந்து நட்சத்திரம். குழந்தைவேலு, கொல்லிமலை மடம்.’”

அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார்.

“எப்ப எழுதினீங்க?”

“மூட்டை வந்து இறங்கின அன்னைக்கு.”

“எரிச்சுப் பாத்துட்டா?”

“மூட்டைத் தையலே பிரிக்கலைங்கம்மா.” பிறகு அவசரமாகச் சொன்னார், “மடப்பள்ளியில உப்புக்கூடப் பாக்காமத்தானே சமைக்கிறோம்? வாசனையை வெச்சே தெரிஞ்சுடுது. அந்தப் பழக்கத்துல, கோணி ஓட்டை வழியாக் குச்சியைப் பாத்தேன், பளபளன்னு இருந்துது. அதான்…”

“சாமிக்கு முன்னாடி நாம ருசி பாக்கக் கூடாதுன்னு பாக்கறதில்லை. அதுக்காக உப்பு சரியா இருக்குன்னு ஊருக்கு எழுதிப் போடறமா ஐயா?”

குழந்தைவேலுவின் குரல் இறங்கிவிட்டது.

“அந்தக் கம்பெனிப் பொண்ணு போன் பண்ணிச்சுங்கம்மா. ‘ஐயா, உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்’னு சொல்லிச்சு. என்கிட்ட யாரும்மா கருத்துக் கேட்டாங்க? வீட்டுல அவ இருந்தப்போ, குழம்பு எப்படீங்கன்னு தினமும் கேப்பா. ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னதில்லை நான். இப்பச் சொல்லலாம்னா கேக்க ஆளில்லை. இந்தப் பொண்ணு கேட்டதும் எழுதிட்டேன். அன்னையிலேர்ந்து செவ்வாய்க்கிழமையானா கூப்பிடுது. சாப்பிட்டீங்களான்னு கேக்குது. சம்பளத்துக்குத்தான் கேக்குதுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனாலும் செவ்வாய்க்கிழமைன்னா காலையிலேயே போனைச் சார்ஜுல போட்டுடறேன்.”

அம்மையார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

வந்தவள் பெயர் பாவாயி. கீழே பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மலை ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன.

“ஏனுங்க, குழந்தைவேலு சாமிங்கறது யாருங்க?”

“நான்தாம்மா.”

பாவாயி பெரிய கும்பிடாகப் போட்டாள். “சாமி, நீங்க எழுதினதைப் பாத்துத்தானுங்க நானும் அந்தப் பெல்லட்டை வாங்கினேன். மடத்துக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஆனா எனக்கு மட்டும் ஒரே புகைங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள புகை நிக்கலீன்னா கடையை எடுத்துருன்னு பஞ்சாயத்துல சொல்லிப்போட்டாங்க. நான் ஏதோ தப்புப் பண்றேன் போல. உங்க அடுப்புல எப்படி எரிக்கறீங்கன்னு கண்ணால பாத்துட்டுப் போயிரலாமுன்னு வந்தேன்.”

குழந்தைவேலு அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் அவரைக்காயில் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“அது… பனிக்காலம் பாரும்மா…” என்று தொடங்கினார்.

பாவாயி அதைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாங்க, ஆமாங்க! மூட்டையைத் தாழ்வாரத்துல வெச்சுட்டேன். என் தப்புத்தானுங்க. எங்க வீட்டுக்காரர் அப்பவே திட்டினாரு. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்குப் புத்தி எங்க போச்சுன்னாரு. அது மடத்துச் சாமி எழுதினது, வாயைக் கழுவுங்கன்னு நான்தான் சண்டை போட்டேன்.”

அப்படியே விட்டிருந்தால் அவள் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். குழந்தைவேலுவுக்கும் அது தெரிந்தது.

“உன் தப்பு இல்லைம்மா,” என்றார். “எங்க அடுப்பும் புகையுது. நான் எரிச்சுப் பாக்காமலே எழுதினேன்.”

பாவாயிக்கு முதலில் புரியவில்லை. “எரிக்காமயா?”

“மூட்டையே பிரிக்கலை.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புகைக்காகத் துடைத்ததா என்று சொல்ல முடியாது.

“மூணு வாரமா என் கையைத்தானுங்க நான் குறை சொல்லிட்டிருந்தேன்,” என்றாள். அம்மையார் நீட்டிய தண்ணீரை வாங்காமல் படியிறங்கிப் போனாள்.

அன்று மத்தியானம் குழந்தைவேலு தான் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். ‘மூட்டையைப் பிரிக்கும் முன்பே நல்லது என்று எழுதிவிட்டேன். அது பொய். பனியில் உதிர்கிறது, புகைகிறது. என் மடத்தில் நாற்பது பேர் பசியோடு போனார்கள். என்னை நம்பி வாங்கிய ஒரு அம்மாவின் கடைக்கும் ஆபத்து. மன்னியுங்கள்.’

ஒரு மணி நேரத்துக்குள் போன் வந்தது. கம்பெனிப் பெண்தான்.

“ஐயா, அதைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன். மேனேஜர் என்னைத் திட்டறார்.”

“எடுக்க முடியாதும்மா.”

“சரிங்க ஐயா.”

அன்று அந்தப் பெண் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழந்தைவேலு வழக்கம்போல் போனைச் சார்ஜில் போட்டார். இரவல் சிலிண்டரில் சமைத்தார். படைத்தார். பரிமாறினார். நடுநடுவே ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் அடிக்கவில்லை. சாயங்காலம் சன்னதியில் விளக்கேற்றிவிட்டு, “நல்லா வேணும் எனக்கு,” என்று முருகனிடம் சொன்னார். முருகன் குறை சொல்லாத சாமி, பேசாமல் நின்றார்.

மூன்றாவது செவ்வாய் அவர் போனைத் தேடவே இல்லை. அன்று காலை பதினோரு மணிக்கு அது அடித்தது. துடைக்காத கையோடு ஓடினார்.

“சாமி, நான் இட்லிக்கடைப் பாவாயி பேசறேனுங்க. மடத்து வாசல் போர்டுல அன்னதானத்துக்குன்னு உங்க நம்பர் இருந்துச்சு.”

“சொல்லும்மா, சொல்லு. கடை இருக்கா?”

“இருக்குதுங்க. மாசக் கடைசி வரைக்கும் தவணை குடுத்திருக்காங்க. இப்ப எங்க கொழுந்தனார் சிலிண்டர்லதான் ஓட்டறேன், அதைத் திருப்பிக் குடுக்கோணும். நீங்க மாத்தி எழுதினதைப் படிச்சேனுங்க. படிச்சப்புறம் கோபம் கொஞ்சம் ஆறுச்சு. அதான், வேற எந்தப் பெல்லட் வாங்கலாமுன்னு உங்களையே கேக்கலாமுன்னு…”

குழந்தைவேலு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அம்மையாரிடம் விரைந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டு வாரமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம்.

“அம்மா, பாவாயி! எந்தப் பெல்லட் வாங்கறதுன்னு என்கிட்ட யோசனை கேக்குது. ரெண்டு கம்பெனியைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க, பாத்து வெச்சிருக்கேன். எதைச் சொல்லட்டும்?”

“எதை எரிச்சீங்க?”

“ரெண்டையும் இன்னும் வாங்கலைங்கம்மா.”

“அப்ப, தெரியாதும்மான்னு சொல்லுங்க.”

குழந்தைவேலு போனிலிருந்து கையை எடுக்கவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்து, “சாமி, இருக்கீங்களா?” என்ற குரல் மெல்லக் கேட்டது.

“அம்மா,” என்றார். “ரெண்டு செவ்வாயா இந்தப் போன் அடிக்கவே இல்லைங்கம்மா. இன்னைக்குத்தான் அடிச்சிருக்கு. தெரியாதுன்னு சொல்லிட்டா இவங்களும் கூப்பிட மாட்டாங்களே.”

“கூப்பிடாமப் போகலாம் ஐயா,” என்றார் அம்மையார். “ஆனா மறுபடி கூப்பிட்டாங்கன்னா, அது உங்களைக் கூப்பிட்டதா இருக்கும்.”