சாம்பார் ஒழுகாத டப்பா

தென்காசியில், உடுத்த, சாப்பிட, எழுதத் தடுமாறும் பிள்ளைகளைப் பழக்கும் மையம் ஒன்றை வடிவு டீச்சர் நடத்தி வந்தார். அவருக்கு வயது முப்பத்து நாலு. அவரிடம் வேலை பழக வந்த சீடர் ஜெபமணிக்கோ ஐம்பத்தாறு. பட்டாளத்தில் ட்ரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளையும் அணிவகுக்க வைத்துவிடுவாரோ என்று முதல் வாரம் எல்லோருக்கும் பயம். அப்படியெல்லாம் இல்லை, மனுஷன் தங்கம்.

ஆனால் ஸ்டாப்வாட்ச் மட்டும் கையை விட்டு இறங்காது.

எட்டு வயதுப் பொன்மாரிக்குப் பிறந்ததிலிருந்தே இடது கையில் பிடிமானம் குறைவு. மூன்று மாதமாக ஜெபமணி அவளைக் களிமண் பிசைய வைத்தார், பலகைத் துளைகளில் குச்சி செருக வைத்தார்.

"நாலு குச்சியில ஆரம்பிச்சா டீச்சர். இன்னைக்கு ரெண்டு நிமிஷத்துல பதினெட்டு," என்றார் ஒரு சனிக்கிழமை.

"நல்லது அண்ணாச்சி. மத்தியானம் சாப்பிடுறாளா?"

இதென்ன கேள்வி என்று ஜெபமணி விழித்தார். பொன்மாரியை அழைத்துப்போக வந்திருந்த அவள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எங்க டீச்சர் சாப்பிடுறா? பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்குடுத்த சோறு அப்படியே திரும்பி வருது. நாக்கு அவ்வளவு நீளம். நேத்துகூட முதுகுல ரெண்டு வச்சேன்."

"அந்த டப்பா இருக்கா?"

அன்றும் பள்ளியிலிருந்து சோற்றோடு திரும்பியிருந்த எவர்சில்வர் டப்பாவை அம்மா பையிலிருந்து எடுத்தாள். "நல்ல டப்பா டீச்சர். தலைகீழாக் கவுத்தாலும் சாம்பார் ஒழுகாது."

டீச்சர் அதைப் பொன்மாரியின் மடியில் வைத்தார். "திற தாயி."

பிள்ளை அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். டப்பாவை இடது முழங்கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது கை நகத்தால் மூடியை நெம்பினாள். வழுக்கியது. மறுபடி நெம்பினாள். மூடி அசையவில்லை. ஜெபமணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, கையை நீட்டிவிட்டார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துலயும் நீங்க இருப்பீங்களா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"யார்கிட்டயாவது திறந்து தரச் சொல்லலாம்ல தாயி?"

"தருவாங்க," என்றாள் பொன்மாரி. "அப்புறம் நொண்டிக்கைம்பாங்க. அதான் பசிக்கலைன்னு சொல்லிருவேன்."

"இதுக்கா உன்னை அடிச்சேன், பாவி நான்," என்று அம்மா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சோற்றைத் தட்டில் கொட்டிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவை ஜெபமணியிடம் தந்து பாத்திரப் பட்டறைக்கு அனுப்பினார் டீச்சர். மூடியின் ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற மாதிரி காது வைத்துப் பற்றவைத்தால் போதும் என்றார். ஜெபமணியும் பட்டறையில் பக்கத்திலேயே நின்று வேலையை வாங்கி வந்தார்.

திங்கள் சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. ஒரு பருக்கை இல்லை.

ஜெபமணிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் வந்து நின்றார்.

"மூணு மாசமா நான் கையைச் சரிபண்ணப் பாத்தேன். நீங்க மூடியைச் சரிபண்ணிட்டீங்க. கை அப்படியேதானே இருக்கு? இது தோத்துப்போன மாதிரி இல்லையா டீச்சர்?"

டீச்சர் களிமண்ணை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "கையை விட்டுரச் சொல்லலையே. நாளைக்கும் பிசைய வைங்க."

"அப்ப அந்தக் காது எதுக்கு?"

"கை பலமாக இன்னும் ஒரு வருஷம் ஆகும் அண்ணாச்சி. பிள்ளைக்குப் பன்னெண்டரைக்குப் பசிக்கும்."