கடைசிக் காந்தம் யாருக்கு?

கேட்டுவிட்டு அவசரப்படாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கு இது.

கோயம்புத்தூர் கணபதியில் பேட்டரி வண்டிகளையும் அவற்றுக்கான மோட்டாரையும் செய்யும் பட்டறை ஒன்றை மருதாசலம் நடத்திவந்தார். அந்த மோட்டாருக்கு உயிர், உள்ளே இருக்கும் காந்தம். கட்டைவிரல் அளவில் இருந்துகொண்டு பெரும் பாரத்தை இழுக்கவைக்கும் அது, எளிதில் கிடைக்காத உலோகங்களால் ஆனது. வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு வருஷம் அது வராமல் நின்றுபோனது.

பட்டறையின் வடிவமைப்பாளர் பூங்கோதை, ஒலிபெருக்கியில் இருக்கும் சாதாரணக் கறுப்புக் காந்தத்தைக் கொண்டு வேறொரு மோட்டார் செய்தாள். பருமன் கூடியதே தவிர, சமவெளியில் அது நன்றாகவே ஓடியது. ஆனால் கடுங்குளிரில் பாரம் இழுத்தால் அந்தக் காந்தம் வலுவிழக்கும், மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தாள். கோத்தகிரிக்கு மேலே ஓர் ஊரிலிருந்து போஜன் வந்து வண்டி கேட்டபோது, மருதாசலம் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஒரே ஒரு வண்டிதான அம்மணி," என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

போஜனின் மனைவி மாதிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அவளைக் கூட்டிப்போகத்தான் அவர் வண்டி வாங்கினார். தை மாதம், உறைபனி விழுந்த ஒரு காலையில், ஏற்றத்தின் பாதியில் மோட்டார் இழுவை இழந்து நின்றது. பிறகு அது ஏற்றம் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு ஜீப் கிடைத்த நாளில் மாதி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிடைக்காத நாளில் வீங்கிய கால்களோடு வீட்டிலேயே கிடந்தாள்.

பட்டறையில் அப்போது பழைய வெளிநாட்டுக் காந்தம் ஒரே ஒரு மோட்டாருக்கு மட்டும் மிச்சமிருந்தது. போஜன் அதைக் கேட்டார்.

தூத்துக்குடியிலிருந்து வெயிலுகந்தாளும் கேட்டாள். இரண்டு கால்களையும் இழந்து, கருவாடு விற்றுப் பிழைப்பவள். அவளுடைய சின்ன வண்டியின் சீட்டுக்கு அடியில் பருமனான மோட்டார் அடங்காது. சென்ற வருஷமே அவளுக்கு மருதாசலம் வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்றாவதாகக் கேட்டவள் பூங்கோதை. காந்தமே இல்லாமல், இரும்பும் செம்புக் கம்பியும் மட்டும் கொண்டு ஓடும் மோட்டாரை அவள் முக்கால்வாசி முடித்திருந்தாள். அந்தக் காந்தம் போட்ட பழைய மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினால்தான் சான்றிதழ். சோதனை முடிவதற்குள் அந்தக் காந்தம் சூட்டில் பாழாகிவிடும். ஆனால் பருமனான மோட்டார் அதிகம் விலைபோகவில்லை; புதியது தேறிவிட்டால், பட்டறையை நம்பியிருந்த இருபத்திரண்டு குடும்பங்கள் பிழைக்கும்.

மருதாசலம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் காந்தத்தைப் பூங்கோதையிடம் கொடுத்தார். வெயிலுகந்தாளிடம் மறுபடி தவணை சொன்னார். போஜனை நான்கு மாதம் பொறுக்கச் சொன்னார். போஜன் மலைக்குத் திரும்பிப் போனார்.

பங்குனியில் மாதி இறந்துபோனாள். வெயிலுகந்தாள் போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

வைகாசியில் பூங்கோதையின் மோட்டார் தேறியது. முதல் மோட்டாரை மருதாசலமே எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார், கூடவே பூங்கோதையும். போஜன் வாசலில் நின்று அதைப் பார்த்தார். தொடவில்லை.

"இனி இதுல யாரை ஏத்திட்டுப் போறதுங்க?" என்று கேட்டார்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் காந்தம் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

விடை: போஜனுக்குத்தான். மற்ற இருவரும் தங்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்டார்கள். போஜனுக்கு வந்த கேடோ பட்டறை தெரிந்தே செய்தது. தான் செய்த கேட்டைச் சரிசெய்யாமல், கொடுத்த வாக்கையோ பலருடைய நன்மையையோ காரணம் காட்ட ஒருவனுக்கு உரிமை இல்லை. ஆனால் அப்படிக் கொடுத்திருந்தால் பட்டறை மூடியிருக்கும், இருபத்திரண்டு வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும். சரியான விடைக்கும் அவ்வளவு விலை. மலையிலிருந்து இறங்கும்போது பூங்கோதை இதே தீர்ப்பைச் சொன்னாள். "ஆமா அம்மணி," என்றார் மருதாசலம்.