கவர்னர் வீட்டுப் புகை

இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டு அமெரிக்கா தனி நாடான புதிது. அங்கே ஒரு மாநிலத்துக்கு எல்கானா விட்கோம் என்று ஒரு கவர்னர். பீரங்கிக்கே அஞ்சாத மனுஷன். தேர்தலில் தோற்றதே கிடையாது. வசந்தம் வந்தால் கவர்னர் ஒரு நாள் உபவாசம் அறிவிப்பது அந்த ஊர் வழக்கம். அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது.

அந்த வருஷம் அறிவித்தவருக்கே பசி தாங்கவில்லை. மத்தியானம் சமையல்காரி டார்கஸைக் கூப்பிட்டார்.

"எனக்கு இப்பவே ஒரு வாத்து வறுத்தாகணும். ஆனா நம்ம வீட்டுப் புகையும் வாசனையும் ஊருக்குத் தெரியக் கூடாது. அடுத்த வாரம் தேர்தல். மாட்டிக்கிட்டா என் பதவி போயிடும். அதுக்கு முன்னாடி உன் வேலை போயிடும்!"

டார்கஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு கூரையிலும் புகை இல்லை.

"அதுக்கென்ன ஐயா, செஞ்சுடலாம். எல்லா வீட்டிலயும் புகை வந்தா நம்ம வீட்டுப் புகையை யார் பார்க்கப்போறாங்க? உபவாசம் முடிஞ்சுதுன்னு சர்ச் மணியை அடிக்கச் சொல்லுங்க."

கவர்னர் முறைத்தார். வயிறு உறுமியது. மணி அடித்தது.

ஊரே அடுப்பு மூட்டியது. வாத்து வறுபட்டது யாருக்கும் தெரியவில்லை. கவர்னர் ஒரு காலைப் பிய்த்து டார்கஸுக்கும் கொடுத்தார்.

சாயங்காலம் ஜனங்கள் வாசலில் கூடி, "எங்க பசி பொறுக்காத மகராசன்!" என்று கொண்டாடினார்கள். கவர்னரும் கண் கலங்கக் கையசைத்தார்.

கூட்டத்தில் ஒரு கிழவர் டார்கஸிடம் கேட்டார்: "எப்படிம்மா அவருக்குத் திடீர்னு மனசு இளகிச்சு?"

"மனசு வரைக்கும் போகலை பெரியவரே," என்றாள் டார்கஸ். "வயித்தோட நின்னுடுச்சு."