குளிர்கடலுக்கு ஒரு கயிறு

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாளாம். பேரு அனஸ்தாசியா. கடலை ஒட்டித்தான் வீடு. ஆனா அலை வந்து கணுக்காலைத் தொட்டாலே "ஐயோ!"ன்னு சேலையைத் தூக்கிட்டு ஓடுவா. அந்த ஊர்ல ஆம்பளைங்கதான் கடல்ல இறங்குவாங்க, பொம்பளைங்க கரையோட சரி. கேக்குறியா?

ம்.

அவளுக்கு ஒரு ஆசை. பள்ளிக்கூடத்துல, தூர தேசத்துலேருந்து வந்த பிளாசிடா சிஸ்டர் சொன்னது. "எங்க ஊர்க் கடல் சில்லுனு ஐஸ் மாதிரி இருக்கும். அதுக்குள்ள கடல்நாய் இருக்கு. வட்டக் கண்ணு, மீசை. தண்ணிக்கு அடியில அசையாம இருந்தா, அதுவே கிட்ட வந்து உன் மூஞ்சியைப் பாக்கும்." அப்போலேருந்து அந்தக் கண்ணு ரெண்டும் அவளை விடல. கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்தா. சோறு வடிச்சா கஞ்சிக்குள்ளேருந்துகூட அந்த மூஞ்சி எட்டிப் பாக்கும்.

அப்புறம் ஒருநாள் புருஷன் சில்வஸ்டர்கிட்ட சொல்லிட்டா. அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "அலையப் பாத்து ஓடுறவ ஐஸ் தண்ணியில முங்கப் போறியா? கடல்நாய்தான் உன்னப் பாத்து அலறும்!" ஆனா சாயங்காலமே மேப்பை விரிச்சு உக்காந்துட்டான். எந்தத் தீவு, எந்தப் படகு, எந்த மாசம் குட்டிங்க விளையாடும்னு தேடித் தேடி, மூணு பேருக்கும் டிக்கெட் போட்டான்.

முங்கச் சொல்லிக் குடுக்குற மாஸ்டர் மட்டும் கறாரா சொல்லிட்டாரு. "மூணு சோதனை. ஜெயிச்சா முங்கலாம். இல்லைன்னா படகுல உக்காந்து போர்வையைப் போத்திக்கோங்க."

முதல்ல குளிர். பெரியப்பாவோட மீன் கம்பெனி ஐஸ் தொட்டிக்குள்ள இறங்கினா. உடம்பு கிடுகிடு, பல்லு டகடக! "அந்த சீலா மீன் பக்கத்துல படு தாயி, நல்ல விலைக்குப் போவே"ன்னாரு பெரியப்பா. அவ ஏறவே இல்ல. ஜெயிச்சுட்டா.

ம்.

அப்புறம் மூச்சு. நீச்சல் குளத்துல, வாயில காத்துக்குழாய். புஸ்ஸ்ஸ்... ப்ளுக் ப்ளுக். அதுவும் ஜெயிச்சுட்டா.

மூணாவது நம்ம கடல்ல. அடி மணல்ல முழங்கால் போட்டு அசையாம இருக்கணும். இறங்கினா... சளார்! மேல வந்துட்டா. மறுபடி இறங்கினா. சளார்!

"தண்ணின்னா பயமாம்மா?"ன்னாரு மாஸ்டர்.

"தண்ணி இல்ல மாஸ்டர். மேல என் பொண்ணு கூப்பிட்டா எனக்குக் கேக்காதே!"

அப்போ படகுல இருந்த பொண்ணு சொன்னா, "அம்மா, நீ கயிறு கட்டிக்கோ. முன்னாடி முத்துக்குளிக்கிறவங்க கட்டிப்பாங்கன்னு அப்பா சொன்னாங்கல்ல? பொண்டாட்டியோட கூடப்பொறந்த மச்சான்தான் கயிறைப் பிடிப்பாராம். கூடப்பொறந்தவ தாலிக்கு அவரு காவலாம். உனக்கு நான் பிடிக்கிறேன். நீ ஒரு தடவை சுண்டினா, இருக்கியான்னு அர்த்தம். நானும் சுண்டினா, இருக்கேன்னு அர்த்தம்."

பொண்ணு கயிறைப் பிடிச்சா, அப்பா அவ இடுப்பைப் பிடிச்சான். அம்மா இறங்கினா. ஒரே இருட்டுப் பச்சை. கயிறைச் சுண்டினா. மேலேருந்து வெடுக்குன்னு ஒரு சுண்டு. அவ அசையல. ஒரு குட்டி நண்டு அவ கையுறை மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போச்சு.

மாஸ்டர் தலையாட்டிட்டாரு. பெட்டியும் கட்டியாச்சு.

இனிமே என்ன நடக்கும் தெரியுமா? அந்தத் தீவுக்குப் போவாங்க. தண்ணி கறுப்பா, சில்லுனு இருக்கும். அம்மா மெதுவா இறங்குவா. தூரத்துல ரெண்டு வட்டக் கண்ணு தெரியும். கிட்ட வரும், இன்னும் கிட்ட வரும். மீசை அவ முகக் கண்ணாடியில உரசும். அப்போ அவ கயிறை ஒரு சுண்டு சுண்டுவா. மேலேருந்து...

கேக்குறியா?

கண்ணு?

என் விரலைப் பிடிச்சபடியே தூங்கிட்டியா? மெதுவா ஒரு சுண்டு சுண்டிப் பாக்குறேன்... அட, தூக்கத்துலயும் இறுக்கிப் பிடிக்கிறியே.

கதை கரை ஏறிடுச்சு. இப்போ நீ முங்கு கண்ணு. கயிறு என் கையில இருக்கு.